கல்லின் மேல் வரைந்த கால்வாய் ஊர்

மேலூரில் ஒரு கிரானைட் பட்டறைக்கு மெஷின் மாட்டிக் கொடுக்கச் சீனாவிலிருந்து வந்த அந்த மனிதரை எனக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. அவருக்கும் என்னைப் பிடிக்கவில்லை. நாலு வாரம் அவருக்கு நான்தான் வாய், நான்தான் காது. அந்த நாலு வாரத்தில் ஒரு வேளைகூட நாங்கள் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டதில்லை.

நான் மேலூர்க்காரி. பிளஸ் டூ முடித்ததும் டாக்டருக்குப் படிக்க வீட்டில் என்னைச் சீனாவுக்கு அனுப்பினார்கள். மூன்றரை வருடம் இருந்தேன். உடற்கூறியலில் இரண்டு முறை தோற்றேன், மூன்றாவது முறை பரீட்சை எழுதவே போகவில்லை. ஊருக்குத் திரும்பியபோது பட்டம் இல்லை, சீன மொழி மட்டும் இருந்தது. அதைக்கூட வகுப்பில் கற்கவில்லை. ஹாஸ்டல் சமையல்கட்டிலும் காய்கறிச் சந்தையிலும் கற்றேன். ஊரில் எனக்கு 'சைனா டாக்டர்' என்று பேர் வைத்தார்கள். முகத்துக்கு நேராகவே கூப்பிட்டார்கள். சில வருடம் கழித்துக் கல் வியாபாரிகள் சீன மெஷின்களை வாங்க ஆரம்பித்ததும், அதே ஆட்கள் அதே வாயால் "அந்தப் புள்ளயக் கூப்பிடுங்கப்பா" என்றார்கள். போனேன். கோபம் மட்டும் போகவில்லை.

மதுரை விமான நிலையத்திலிருந்து அவரைக் காரில் கூட்டி வந்தேன். ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லியான உடம்பு. கையில் மூடிபோட்ட கண்ணாடிக் குடுவை, அதற்குள் தேயிலை மிதந்தது. ரிங் ரோடு ஏறியதும் கேட்டார். அவர் பேசியதெல்லாம் சீனத்தில். இங்கே என் தமிழில் எழுதுகிறேன்.

"எங்க படிச்ச?"

சொன்னேன்.

"டாக்டரா நீ?"

"முடிக்கல."

"பேச்சுல தெரியுது. சமையல்கட்டுச் சீனம். எங்க நாட்டுக்கு வந்து பாதியில ஓடிப்போன ஆள என் கூடப் போட்டிருக்காங்க."

கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார். என் பெயரைக் கேட்கவில்லை. கடைசிவரைக்கும் கேட்கவில்லை. 'மொழிபெயர்ப்பு' என்றுதான் கூப்பிட்டார். மொழிபெயர்ப்பு, இங்க வா. மொழிபெயர்ப்பு, அவனக் கேளு.

பட்டறை ஊருக்கு வெளியே இருந்தது. முன்னால் தார் ரோடு. பின்னால் பெரியாற்றுக் கால்வாயிலிருந்து பிரிந்து வரும் ஒரு பாசன வாய்க்கால், அதைத் தாண்டி நெல் வயல்கள். வந்திருந்தது பாலிஷ் போடும் மெஷின். கல் பலகை ஒரு பக்கம் ஏறி, சுழலும் தலைகளுக்கு அடியில் நகர்ந்து, மறுபக்கம் முகம் தெரிகிற மாதிரி வெளியே வரும். அது ஓடுகிற நேரம் முழுக்கத் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தத் தண்ணீர் கல்மாவோடு கலந்து பால் மாதிரி வெளியேறும். அதற்கான வடிகாலைப் பட்டறையின் ஃபிட்டர் முன்பே வெட்டி வைத்திருந்தார்.

ஃபிட்டர் அண்ணனுக்கும் ஐம்பது தாண்டியிருக்கும். பட்டறை வேலை போக மிச்ச நேரத்தில் விவசாயம். அவர் மனைவி வீட்டு வயல் அந்த வாய்க்காலின் கடைசி மடையில் இருந்தது. அங்கே என்னை 'சைனா டாக்டர்' என்று கூப்பிடாத ஒரே ஆள் அவர்தான்.

வந்தவர் ஷெட்டை ஒரு சுற்றுச் சுற்றினார். வடிகால் முன்பக்கம் ரோட்டோரத் தொட்டிக்குப் போவதைப் பார்த்ததும் நின்றார்.

"இத வெட்டுன முட்டாள் யாரு? வாசலுக்கு முன்னால சகதியக் கொண்டுவந்து வச்சிருக்கான். முன்பக்கம் ரோடு, பின்பக்கம் தண்ணி. எங்க ஊர்ல நடக்கத் தெரியாத குழந்தைக்குத் தெரியும் இது. பலகை ஏத்த லாரி எப்படி உள்ள வரும்னு இவன் யோசிச்சானா? தலையில மூளை இருக்கா, கல்மாவு இருக்கா?"

"வடிகாலக் கொஞ்சம் மாத்தணும்ங்கிறாருண்ணே" என்றேன்.

ஃபிட்டர் அண்ணன் என்னைப் பார்த்தார். "அம்புட்டு நேரம் பேசுனாரு, இம்புட்டுத்தானா?"

"இம்புட்டுத்தாண்ணே."

"பொறத்தால விடக்கூடாது ஆத்தா. பின்னால ஓடுறது பாசன வாய்க்கா. போன வருசம் பக்கத்துப் பட்டறைக்காரன் விட்டான், அடிதடி வரைக்கும் போயிருச்சு. அதுக்குத்தான் முன்னால தொட்டி கட்டியிருக்கேன். மாவு அடியில தங்கிரும், தெளிஞ்ச தண்ணிய மறுபடி மெஷினுக்கே ஏத்திக்கலாம். இத அவருக்கு நல்லா வெளக்கிச் சொல்லு."

நான் சீனத்தில், "யோசிக்கிறேன்கிறார்" என்று மட்டும் சொன்னேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பிறகு பல பேர் கேட்டார்கள். காரில் வந்தபோது விழுந்த பேச்சு காதிலேயே இருந்தது. இந்த ஆளுக்கு ஒரு வார்த்தை கூடுதலாக உழைக்கக் கூடாது என்ற வீம்பு. அந்த வீம்பு சீக்கிரமே பழக்கமாகிவிட்டது. அவர் பத்து வாக்கியம் பேசினால் நான் ஒன்று சொன்னேன். இந்தப் பக்கத்திலிருந்து பத்து வந்தாலும் ஒன்றுதான் போனது. திட்டுகளை உருவிவிட்டேன், அதோடு காரணங்களும் உருவிக்கொண்டு போயின. மெஷின் எப்படியோ எழும்பியது. போல்ட்டுக்கும் அளவுக்கும் அதிகம் மொழி தேவைப்படவில்லை.

மூன்றாவது வாரம் ஒரு மத்தியானம் மின்சாரம் இல்லை. எல்லோரும் ஷெட் நிழலில் உட்கார்ந்திருந்தோம். அவர் தன் குடுவையில் வெந்நீர் ஊற்றிக்கொண்டு, இந்த ஊர் தண்ணீரில் தேநீர் வாயில் வைக்க விளங்கவில்லை என்றார். தன் ஊரில் மழைத் தண்ணீரில் தேநீர் போடுவார்களாம். ஊர் எது என்று கேட்டேன். ஷாங்காயிலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரத் தொலைவில் ஒரு கால்வாய் ஊரைச் சொன்னார். தெருவுக்குப் பதில் தண்ணீர் ஓடும் அந்தப் பழைய ஊர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு விடுமுறையில் ஹாஸ்டல் தோழிகளோடு போனேன். அவருக்கு ஒரு கொட்டு வைக்க வேண்டும் என்று தோன்றியது. செல்போனில் அந்தப் படத்தைத் தேடி எடுத்து நீட்டினேன். வெள்ளைச் சுவர், கறுப்பு ஓடு, சிவப்பு விளக்குகள். ஒரு வீட்டின் பின்னால் தண்ணீருக்குள் இறங்கும் கல்படிகளில் நாங்கள் நாலு பேர் உட்கார்ந்து இலையில் கட்டிய சோற்றைத் தின்றுகொண்டிருந்தோம்.

அவர் போனை வாங்கி இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது எங்க ஊர் இல்ல. பக்கத்து ஊர். எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். யாரு உங்கள அங்க உக்காரச் சொன்னது?"

"டிக்கெட் வாங்கித்தான் போனோம்."

"அது ஒரு வீட்டோட பின்படி. அரிசி களையுற இடம். உன் அம்மா அடுப்பு மேல நாலு சீனாக்காரிங்க செருப்போட உக்காந்து படம் எடுத்தா நீ சும்மா இருப்பியா?"

"அங்க யாரும் குடியில்ல. கதவு பூட்டியிருந்துச்சு."

"ஏன் பூட்டியிருந்துச்சுன்னு கேட்டியா?"

நான் கேட்கவில்லைதான். ஆனால் அதை அவரிடம் ஒத்துக்கொள்ளும் நிலையில் நான் இல்லை. "அவ்வளவு அமைதியான ஊர்ல பொறந்தவருக்கு இப்படி ஒரு வாய் எப்படி வந்துச்சுன்னுதான் யோசிக்கிறேன்" என்றேன்.

அவர் சிரித்தார். நான் பார்த்த ஒரே சிரிப்பு அது, அதிலும் இனிமை இல்லை. கல்லில் பழுது இருக்கும் இடத்தைக் குறிக்க வைத்திருந்த மஞ்சள் மெழுகுக் குச்சியை எடுத்தார். தரையில் கிடந்த ஒரு சாம்பல் நிறப் பலகையின் பக்கத்தில் மண்டிபோட்டு உட்கார்ந்து, இரண்டு நீளக் கோடுகள் இழுத்தார்.

"இது கால்வாய். இதுதான் முதல்ல வந்தது. தாழ்ந்த பூமி, எங்க தோண்டினாலும் தண்ணி. வெட்டி வடிச்சாத்தான் நிக்க இடம். வெட்டின கால்வாயில நெல் படகு போச்சு. படகு நிக்கிற இடத்துல கடை வந்துச்சு, கடைக்குப் பின்னால வீடு வந்துச்சு. அழகுக்காக ஒரு கல்லும் வைக்கல."

கால்வாய்க்கு இணையாக ஒரு சந்து வரைந்தார். சந்துக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒல்லியான நீளக் கட்டங்களை அடுக்கினார். ஒவ்வொன்றும் ஒரு வீடு. சந்துப் பக்கம் கடை, பலகைக் கதவு. அதைத் தாண்டினால் ஒரு முற்றம்; நாலு பக்கக் கூரையும் உள்நோக்கிச் சரிந்து மழையை அதற்குள் கொட்டும், அங்கே வைத்த ஜாடியில் பிடிக்கும் தண்ணீர்தான் தேநீருக்கு. பிறகு கூடம், சமையல்கட்டு, பின்கதவு, படிகள், கால்வாய். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். மரத்தூணும் மரக்கூரையும் நிறைந்த ஊரில் ஒரு வீட்டில் தீப்பிடித்தால் அடுத்ததற்குத் தாவாமலிருக்க, அந்தச் சுவரைக் கூரைக்கு மேல் படிப்படியாக உயர்த்திக் கட்டியிருப்பார்கள். படத்தில் நான் அழகு என்று நினைத்தது அந்தச் சுவரைத்தான். பாலத்தை ஏன் அவ்வளவு தூக்கி வளைத்திருக்கிறார்கள் என்றால், நின்றுகொண்டு துடுப்புப் போடுகிறவன் தலை இடிக்கக் கூடாது.

"நாலு வீட்டுக்குப் பொதுவா ஒரு படி" என்றார், குச்சியால் அந்த இடத்தைத் தட்டி. "விடியறதுக்கு முன்னால குடிக்கத் தண்ணி எடுக்கணும். அப்புறம் அரிசி, காய்கறி. அப்புறம் துணி. மலச்சட்டி கழுவுறது கடைசி, அதுவும் ஊருக்குக் கீழ போய். இந்த வரிசையத் தப்புனா சண்டை. பக்கத்து வீட்டுக்காரி ஒருநாள் எங்க அம்மா அரிசி களையும்போது தண்ணி வர்ற பக்கமா உக்காந்து மீன் கழுவினா. அதுக்கப்புறம் பதினாலு வருசம் ரெண்டு பேரும் பேசல. அதே படியில தினமும் ரெண்டு பேரும் உக்காருவாங்க. சுவருக்கு இந்தப் பக்கம் எங்கப்பா இருமினா அந்தப் பக்கம் வேணும்னே பாத்திரத்தப் போட்டு உடைப்பா. நின்னு அடிச்சுக்க அகலமான இடம் பாலம் ஒண்ணுதான், அதனால எல்லாச் சண்டையும் பாலத்து மேல நடக்கும். அமைதியான ஊராம்."

"இப்ப?"

"இப்ப ஆறாவது மாடியில இருக்கோம். ஊர டிக்கெட் போட்டு விக்கிறாங்க. எங்க வீட்ல பன்றிக்கால் வறுத்து விக்கிறான் ஒருத்தன். ஒரு தடவை போனேன். ஊர் வாசல்ல நிறுத்தி டிக்கெட் கேட்டான் ஒரு பொடியன். திரும்பிட்டேன்." என் போனைத் தரையில் தள்ளிவிட்டார். "உன்ன மாதிரி ஆளுங்க உக்காந்து திங்கத்தான் எங்கள எழுப்பிவிட்டாங்க."

பதில் சொல்ல நினைத்தேன். வந்த வார்த்தைகள் எல்லாம் தமிழில் வந்தன.

ஃபிட்டர் அண்ணன் பலகையை எட்டிப் பார்த்தார். "என்னத்தா வரையுறாரு?"

"ஒண்ணுமில்லண்ணே. அவுக ஊரு வீடு."

அவர் உட்கார்ந்து நிதானமாகப் பார்த்தார். கோட்டை விரலால் தடவினார். "இது வாய்க்கா. இது பின்கதவு. அப்ப இவுக கழுவி விடுறது கீழ உள்ளவன் படிக்குத்தானே போகும்? அவன் சும்மாவா இருந்தான்? கேளு."

அந்தக் கேள்வியை மட்டும் நான் சீனத்தில் சொல்லியிருந்தால், அந்த இருவரும் ஒரு மணி நேரம் பேசியிருப்பார்கள். நான் சொல்லவில்லை. அவமானத்தில் எழுந்து தண்ணீர்க் குடத்துப் பக்கம் போய்விட்டேன்.

அந்த நேரம் பார்த்து முதலாளி வந்தார். பலகையில் மஞ்சள் கோடுகளைப் பார்த்தார். முன்னால் ரோடு மாதிரி ஒன்று, நடுவில் நீளக் கட்டம், பின்னால் ஓடும் தண்ணீர், கட்டத்திலிருந்து தண்ணீருக்கு இறங்கும் படிகள். சீனாக்காரர் கையில் குச்சி.

"வடிகாலுக்குப் பிளானா?" என்று என்னைக் கேட்டார். "முன்னால ரோட்ட விட்டுட்டுப் பின்னால எடுக்கச் சொல்றாரா?"

"முன்பக்கம் ரோடு, பின்பக்கம் தண்ணி. அப்படித்தான் அவர் சொல்றாரு" என்றேன். அது பொய் இல்லை. அது பட்டறை இல்லை, அவர் வீடு என்று சொல்லாமல் விட்டேன்.

"பாத்தீகளா, எம்புட்டுத் தெளிவாப் போட்டுக் காட்டுறாரு" என்றார் முதலாளி ஃபிட்டரிடம். "தொட்டி ரொம்புனா வாசலெல்லாம் சகதியாயிரும். பொறத்தால வெட்டி விடுங்க. ட்ரையல் முடியிற வரைக்கும்தான்."

"மொதலாளி, வாய்க்கா அது. சொன்னாக் கேளுங்க."

"மெஷின் செஞ்சவனே சொல்றான். உங்களுக்குக் கூடுதலாத் தெரியுமாக்கும்."

ஃபிட்டர் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் குடத்து மூடியைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

மறுநாள் பின்சுவரின் அடியில் ஓட்டை போட்டுக் குழாய் இறக்கினார்கள். சீனாக்காரர் அதைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். தான் முதல் நாள் சொன்னது கடைசியில் புரிந்துவிட்டது என்று நினைத்திருப்பார். மூன்று நாள் மெஷின் ஓடியது. கல் கண்ணாடி மாதிரி வந்தது. வாய்க்கால் வெள்ளையாக ஓடியது.

நாலாம் நாள் காலை வயல்காரர்கள் வந்தார்கள். பதினைந்து இருபது பேர், கையில் மண்வெட்டி. முன்வாசல் வழியாக வரவில்லை. வாய்க்காலைத் தாண்டிப் பின்பக்கமாகவே ஏறி வந்து குழாயை உடைத்தார்கள். மெஷினை நிறுத்தச் சொல்லிக் கத்தினார்கள். நாற்று நட்டு பத்து நாள்கூட ஆகவில்லை, பயிர் மேல் மாவு காய்ந்து ஒட்டியிருந்தது. ஒருவர் கொத்தாகப் பிடுங்கிக் கொண்டுவந்து முதலாளியின் மேசை மேல் எறிந்தார்.

"யாருய்யா விடச் சொன்னது?"

முதலாளி கொஞ்சமும் யோசிக்கவில்லை. "சைனாக்காரரு போட்ட பிளான். இந்தப் புள்ளதான் சொல்லுச்சு."

எல்லோரும் எங்கள் இருவரையும் பார்த்துத் திரும்பினார்கள். அவர் என் தோளைத் தொட்டார். "என்ன சொல்றாங்க? முழுசாச் சொல்லு."

சொன்னேன். அந்த நாலு வாரத்தில் முதல்முறையாக ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். யார் எந்த மாதிரித் திட்டினார்களோ அந்த மாதிரியே. அவர் தாயைத் திட்டியதைக்கூடச் சொன்னேன். அதில் எனக்கு ஒரு சுகம் இருந்தது, மறைக்க வேண்டியதில்லை.

அவர் திட்டுகளுக்கு அசையவில்லை. நேராக வாய்க்காலுக்குப் போய்க் குனிந்து, அடியில் படிந்ததை அள்ளி விரல்களுக்கு நடுவே தேய்த்தார்.

"கீழ யாரு இருக்காங்க?"

"வயல். மாடு குடிக்கும்."

"ஃபிட்டருக்கு இது தெரியுமா?"

"தெரியும். முதல் நாளே சொன்னாரு. அதுக்குத்தான் முன்னால தொட்டி கட்டினதாச் சொன்னாரு."

"நீ?"

"நான் உங்ககிட்ட சொல்லல."

"நான் அன்னைக்கு வரைஞ்சது?"

"பட்டறைக்குப் பிளான்னு முதலாளி நினைச்சாரு. இல்லன்னு சொல்லல."

அவர் ஒரு வார்த்தை சொன்னார். அதை இங்கே எழுத மாட்டேன். பிறகு நிதானமாக, "மீன் கழுவினவளாவது கீழ யார் இருக்கான்னு பாத்துத்தான் கழுவினா" என்றார்.

"நீங்க என்னைய ஒரு மனுசியா மதிச்சிருந்தா நானும் சொல்லியிருப்பேன்" என்றேன். சொல்லும்போதே அது எவ்வளவு சின்னதாக இருக்கிறது என்று எனக்கே கேட்டது.

கூட்டத்திலிருந்து ஒரு பெண் எனக்கு எதிரே வந்து நின்றாள். என் அம்மா வயதிருக்கும், சேலையை வரிந்து கட்டியிருந்தாள். "ஏண்டி, நீயும் இந்த ஊருத் தண்ணியக் குடிச்சு வளந்தவதானே? அவன் எங்கிருந்தோ வந்தவன். ஒனக்குமாடி தெரியல?"

அவர், "என்ன சொல்றாங்க?" என்றார்.

"என்னத்தான் திட்டுறாங்க."

"முழுசா."

அதையும் சீனத்தில் சொன்னேன்.

வாய்க்காலை வாரித் தர வேண்டும் என்று பேசி முடிவாயிற்று. இரண்டு நாள் ஆயிற்று. பட்டறை ஆட்கள் எல்லோரும் இறங்கினார்கள். சீனாக்காரரும் பேண்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கினார். அவர் அள்ளுவதைப் பார்த்தால் இது அவருக்குப் புதிதில்லை என்று தெரிந்தது. கலக்காமல், தண்ணீரின் போக்கிலேயே பின்னால் நகர்ந்து, மண்வெட்டியைப் படுக்கையாக வைத்து இழுத்தார். நானும் இறங்கினேன். இறங்காவிட்டால் அம்மா காதுக்குப் போகும் என்ற பயம் பாதி. மாவு காலில் காய்ந்து இறுகி, நடந்தால் தோல் இழுத்தது. என்னை யாரும் ஒன்றும் மொழிபெயர்க்கச் சொல்லவில்லை. அவர் செல்போனில் ஒரு ஆப்பை வைத்துக்கொண்டு பேசினார். போன் ஒரு பெண் குரலில் தமிழ் பேசியது: "எங்கள் ஊரில் கால்வாய் சேற்றைப் படகில் அள்ளி வயலுக்கு உரமாகப் போடுவோம். இது உரம் இல்லை. இது கல்." அந்தத் தமிழைக் கேட்டு வயல்காரர்களில் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். ஃபிட்டர் அண்ணன் சிரிக்கவில்லை. போனுக்குப் பக்கத்தில் குனிந்து, அன்றைக்கு என்னிடம் கேட்ட கேள்வியைக் கேட்டார். போன் அதை எப்படிச் சொன்னதோ, சீனாக்காரர் மண்வெட்டியை ஊன்றி நின்று நெடுநேரம் பதில் சொன்னார். எனக்கு எல்லாம் புரிந்தது. எட்டடி தள்ளி நின்று அள்ளிக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலம் முதலாளி, நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். போனே போதுமாம். சீனாக்காரர் ஊருக்குப் போன நாள் எனக்குத் தெரியாது. வழியனுப்ப யார் போனார்கள் என்றும் தெரியாது.

வயல்களில் பாதி பிழைத்ததாகக் கேள்விப்பட்டேன். ஃபிட்டர் அண்ணனின் மனைவி வீட்டு வயல் கடைசி மடை என்பதால் மாவெல்லாம் அங்கேதான் போய்த் தங்கியிருந்தது. அந்த வருடம் அவர்கள் மறுபடி நடவில்லை.

இப்போது நான் வேறு இடங்களில் மொழிபெயர்க்கிறேன், திருமங்கலம் பக்கம் இரண்டு மூன்று கம்பெனிகள். திட்டினால் திட்டையும் சேர்த்தே சொல்கிறேன். அதனால் ஒரு கம்பெனியில் கைகலப்பு ஆகி, என்னை நிறுத்திவிட்டார்கள். அந்த மனிதரை இன்றைக்கும் எனக்குப் பிடிக்காது. காரில் அவர் சொன்னதை நினைத்தால் இப்போதும் பல் கடிக்கத் தோன்றும். அந்தப் படத்தைப் போனிலிருந்து அழித்துவிட்டேன்.

போன மாதம் மேலூர் பஸ் ஸ்டாண்டில் ஃபிட்டர் அண்ணனைப் பார்த்தேன். மதுரை பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் போய், "அண்ணே, நல்லாருக்கீகளா?" என்றேன்.

"இருக்கேன்" என்றார்.

'ஆத்தா' என்று சொல்லவில்லை. பஸ் வந்தது, ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து முன்னால் பார்த்துக்கொண்டார். நானும் அதே பஸ்ஸில்தான் போக வேண்டும். அடுத்ததில் போனேன்.